பச்சைத் தூள்

போன வாரம் நாலாவது முறையாகக் காளான் தேடிப் போனோம். ஐந்து பேர், ஒருவர்கூட இதை முறையாகப் படித்தவரில்லை. முதல் மூன்று முறையும் ஒரே தப்பைத்தான் செய்தோம்: கண்ணில் பட்டதையெல்லாம் தண்டோடு ஒடித்து எடுத்து வந்துவிட்டோம். அடிப்பகுதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆளைக் கொல்லும் அமானிட்டா ஃபல்லாய்டிஸுக்குத் தண்டின் அடியில்தான் பை மாதிரி உறை இருக்கும். அதைப் பார்க்காமல் எதை நம்பிப் பெயர் வைப்பது? பழைய பதிவுகளில் பாதி இன்னும் எந்த இனம் என்று தெரியாமல் வெறும் பேரினப் பெயரோடு நிற்கின்றன.

இந்த முறை கத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி முழுசாகப் பெயர்த்தோம். பெயர்ப்பதற்கு முன்பே படம் எடுத்தாயிற்று, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. புல்லில் முளைத்ததா, மட்கிய கட்டையிலா என்று ஒருவர் குறித்துக்கொண்டே வந்தார். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துக் குழைந்துவிடும், அதனால் காகிதப் பைகள்.

புல்தரையில் வட்டம் போட்ட மாதிரி பதினொரு காளான்கள். சாண் அகலக் குடை, வெள்ளை மேல் பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். குடைக்கு அடியில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செவுள்கள் வெள்ளையாக இருந்தன. "மேக்ரோலெபியோட்டா, சாப்பிடலாம்" என்றார் நண்பர். நானும் தலையாட்டினேன். அக்கா ஒருவர் மட்டும், "பிரிண்ட் எடுக்காமல் நான் பெயர் எழுத மாட்டேன்" என்று நோட்டை மூடிவிட்டார். செவுளிலிருந்து உதிரும் வித்துத் தூளைக் காகிதத்தில் படியவைத்து நிறம் பார்ப்பதுதான் பிரிண்ட். அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சரி என்று வீட்டில் ஒரு குடையை அறுத்து, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டிய காகிதத்தில் செவுள் கீழே இருக்கும்படி கவிழ்த்தேன். வெள்ளைத் தூள் விழுந்தால் கறுப்பில்தான் தெரியும். குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர், அதன்மேல் ஒரு பாத்திரம் மூடி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் தூக்கிப் பார்த்தால் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி கோடு கோடாகத் தூள். வெள்ளைப் பக்கத்தில் அது மங்கிய பச்சை! கண் ஏமாற்றுகிறதோ என்று ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். பச்சையேதான்.

மேக்ரோலெபியோட்டாவாக இருந்தால் வெள்ளையாக விழுந்திருக்கும். புல்தரை, இந்த உருவம், பச்சைத் தூள் மூன்றும் சேர்ந்தால் அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றவர்களை வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்தில் புரட்டி எடுத்துவிடும். முற்றினால் செவுளிலேயே பச்சை ஓடும். நாங்கள் பார்த்தது அவ்வளவு முற்றாதது. படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். நண்பரிடமிருந்து வெகுநேரம் பதிலே இல்லை. அக்கா ஒரு சிரிப்புப் பொம்மை மட்டும் அனுப்பினார்.

படம், இடம், தேதி, தூளின் நிறம் எல்லாவற்றையும் சேர்த்து உயிரினங்களைப் பார்த்ததைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றியாயிற்று. அப்புறம், அதே நாளில் மட்கிய கட்டையில் கிடைத்த விரல்நுனி அளவுப் பழுப்புக் காளான் ஒன்று இருக்கிறது. பிரிண்ட்டும் பழுப்பு. அந்த நிறத்தில் எத்தனையோ இருப்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. காயவைத்து, 47 என்று எண் எழுதிக் காகித உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.