விஷன்சருக்குக் கலுங்கு எந்தப் பக்கம்?

பரணில் கிடந்த ஷூவை நான் நம்பியிருக்கக் கூடாது.

2019 தீபாவளிக்கு வாங்கியது. மறு வருஷம் ஆகஸ்டில் காஷ்மீரில் மலையேறப் போவதாக இருந்தோம், நானும் ஆபீஸில் என் பக்கத்து சீட்டு அக்காவும். 2020-ல் யார் எங்கே போனோம் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியோடு பரணில் ஏறிய ஷூ 2023 ஜூலையில்தான் கீழே இறங்கியது. கசங்கல் இல்லை, கீறல் இல்லை, கடை வாசனைகூடப் போகவில்லை. தேய்ந்துவிடக் கூடாதே என்று பயிற்சிக்கெல்லாம் பழைய கான்வாஸ் ஷூவையே மாட்டிக்கொண்டு போனேன். சிக்கனமாம்.

பயிற்சி அழகர்கோவிலில். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ், முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசி. கோயிலிலிருந்து சோலைமலை முருகனைத் தாண்டி நூபுரகங்கை வரை ஏற வேண்டியது, ராக்காயி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டியது. மூன்றாவது வாரம் ஒரு குரங்கு பின்னாலிருந்து பையின் ஜிப்பை இழுத்து, கையை விட்டு, உள்ளே வெறும் அரிசி என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தது. அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு அந்த வருஷம் வேறு இல்லை. வழியில் நெல்லிக்காய் விற்கிற அம்மாவும் விடவில்லை. "அரிசிய மேல கொண்டு போறீக, அப்பறம் அதையே கீழ கொண்டு வாறீக. என்ன வேண்டுதல் தாயி இது?"

வேண்டுதல் என்றே வைத்துக்கொள்ளலாம். நான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்க்காரி. அப்பாதான் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர், மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் கையில். வந்து சேர்கிற தண்ணீரே மலைத்தண்ணீர்தான். 1895-ல் பெரியாற்றில் கட்டி முடித்த அணை, மலையைக் குடைந்த சுரங்கம், வைகை, அப்புறம் கால்வாய் என்று எங்கெங்கோ சுற்றி எங்கள் ஊருக்குக் கடைசியில் வரும். சில வருஷம் வரவே வராது. அந்த வருஷங்களில் அப்பா கரைமேல் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஆகவே ஏரி என்றாலே எனக்குக் கரை, மடை, நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கு, தண்ணீர் வந்து சேர்கிற வரத்துக்கால். மலைமேல் ஏரி என்றால் கொடைக்கானல். அதுவும் 1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் ஓடையை மறித்துத் தேக்கியது என்று தெரிந்தபோது, அட, இதுவும் கண்மாய்தானா என்று சப்பென்று ஆகிவிட்டது. யாரும் வெட்டாத, யாரும் கரை போடாத ஏரியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியதுதான்.

போன வழி: சம்பர்க் கிராந்தியில் டெல்லி, அங்கிருந்து விமானத்தில் ஸ்ரீநகர், காரில் சோனாமர்க். சோனாமர்க்கில் ஏறி, மலைமேல் ஏரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, நாரநாகில் இறங்குவது நடை. சுமார் 70 கிலோமீட்டர், 7 நாள். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் காலம். மற்ற மாதங்களில் கணவாய்கள் பனியில் மூடிக் கிடக்கும். ராணுவச் சாவடிகளில் அடையாள அட்டையின் அசலைக் கேட்பார்கள், செல்போனில் இருக்கிற படம் செல்லாது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம்மும் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அக்காவுக்கு இது ஸ்ரீநகரில் இறங்கியபிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க என் போனில் அவர் வீட்டு மிக்ஸி ரிப்பேர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் நிச்னாய் கணவாய். உயரம் 4,000 மீட்டருக்கு மேல். மதுரை கடல் மட்டத்துக்கு மேலே நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் என்பதை என் நுரையீரல் அன்று திரும்பத் திரும்ப நினைவுபடுத்தியது. ஏறியாயிற்று. இறங்கும்போது வலது கால் தரையில் பட்டதும் ஏதோ நாக்குத் தொங்குகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் அடி பிளந்து, குதிகாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிஷத்தில் இடதும் அதே கதை. பிளந்த இடத்தைத் தொட்டால் பழைய பஞ்சு மெத்தை மாதிரி விரலில் உதிர்கிறது.

வழிகாட்டிப் பையன் பார்த்தவுடன் கேட்டான், எத்தனை வருஷம் போடாமல் வைத்திருந்தீர்கள் என்று. ஷூவின் நடு அடுக்கு பாலியூரிதேன் என்ற பொருள். காற்றில் இருக்கிற ஈரம் அதற்குள் போய்ப் போய், உள்ளுக்குள்ளேயே அது இற்றுவிடுமாம். போட்டாலும் இறும், போடாமல் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இறும். புதுசு மாதிரி இருக்கிற பழைய ஷூவை மலைக்குக் கொண்டு வராதே என்று அவர்கள் சொல்லாத ஆளில்லையாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் இப்போதே பரணில் ஏறிப் பாருங்கள்.

காப்பாற்றியது குதிரைக்காரப் பெரியவர். சேணத்துச் சாக்குகளைத் தைக்க அவர் ஒரு கோணி ஊசி வைத்திருந்தார். மேலூர்ச் சந்தையில் மூட்டை தைக்கிற அதே வளைந்த ஊசி, அதே நீளம். நைலான் கயிற்றைப் பிரித்து ஒரு இழை எடுத்து, அடியையும் மேல்தோலையும் சேர்த்து வரிசையாகக் குத்தி இழுத்தார். ஒவ்வொரு குத்துக்கும் வாயில் "அல்லா". முடித்துவிட்டு, பாதத்துக்குக் குறுக்கே இரண்டு சுற்றுக் கயிறு. பார்க்க கல்யாணவீட்டுப் பலகாரப் பொட்டலம் மாதிரி இருந்தது. அந்தப் பொட்டலங்களோடுதான் மிச்சம் ஐந்து நாளும் நடந்தேன். காசு கொடுத்தால் வாங்கவில்லை. புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கொடுத்தேன். விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் விஷன்சர்.

காஷ்மீரியில் சர் என்றால் ஏரி. விஷ்ணுவின் ஏரி இது, பக்கத்தில் கொஞ்சம் மேலே கிருஷ்ணனின் ஏரி, கிருஷன்சர். அழகரிடம் பயிற்சி எடுத்துவிட்டு வந்ததற்குப் பொருத்தம்தான் என்று அக்கா சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. கரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷம். மூன்று பக்கம் மலை. நாலாவது பக்கம் தண்ணீர் ஏன் கொட்டிவிடாமல் நிற்கிறது? பார்த்தால் அந்தப் பக்கம் மேடு. புல் முளைத்த, முதுகு வளைந்த, நம்ம கண்மாய்க்கரை மாதிரியே ஒரு மேடு. ஏறிப் பார்த்தால் கல். ஆனால் கல்லில் ஒரு வித்தியாசம் இருந்தது. நம் ஆற்றில் தண்ணீர் கொண்டுவந்து போடுகிற கல் சலித்த மாதிரி இருக்கும். பெரிசு ஒரு இடத்தில், பொடி ஒரு இடத்தில், மணல் ஒரு இடத்தில். இங்கே நெல்லிக்காய் அளவும், அம்மிக்கல் அளவும், ஆட்டோ அளவும் ஒன்றோடொன்று கலந்து, இடையில் மாவு மாதிரி மண். பனி கொண்டு வந்தால் அப்படித்தான் இருக்குமாம். பனியாறு மலையைச் சுரண்டிக் குழி பறிக்கும், சுரண்டியதை எல்லாம் தள்ளிக்கொண்டு வரும், உருகித் தேய்ந்து பின்வாங்கும்போது கொண்டு வந்ததை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். அதற்குச் சலிக்கத் தெரியாது. குழிதான் ஏரி, போட்டுவிட்டுப் போனதுதான் கரை. தண்ணீருக்கு அந்தப் பச்சை கலந்த நீலம் வருவதும் பனி அரைத்த பாறைமாவு கலந்திருக்கிற இடங்களில்தான்.

ஆக, கரை போட்டிருக்கிறது. ஆள்தான் வேறு.

மறுநாள் ஓய்வு. அக்காவுக்குத் தலைவலி, வாந்தி வருகிற மாதிரி. வலி நிற்கும்வரை ஒரு அடி மேலே ஏறக் கூடாது, கூடினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்பதுதான் உயரத்து நோய்க்கு முதல் சட்டம். வெந்நீர் குடித்துப் படுத்தார், சாயங்காலம் சரியாகி எழுந்து உட்கார்ந்து மிக்ஸியைப் பற்றிப் பேசினார். நாங்கள் கொண்டுபோன பருப்பு மட்டும் வேகவே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 87, 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு பருப்பாகவே கிடக்கிறது. சமையல்காரர் சிரித்துக்கொண்டே குக்கரை எடுத்து வைத்தார்.

நாலாம் நாள் கட்சர் கணவாய்க்கு ஏறுகிறோம். 4,200 மீட்டர் அளவில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் அறுபது சதவீதம் போலத்தான். இருபது அடிக்கு ஒரு தடவை நின்றேன். அப்படி நின்ற ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தால், இரண்டு ஏரியும் கீழே ஒரே பார்வையில் கிடக்கின்றன. மேலே கிருஷன்சர். அது நிரம்பி வழிகிற தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கி விஷன்சருக்குள் போகிறது. விஷன்சர் நிரம்பி வழிவது கிஷன்கங்கை ஆறாகக் கிளம்புகிறது.

இது எனக்குத் தெரியும். இதை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மேல்கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் அதற்கும் கீழே. மேல்கண்மாய்க்காரன் கலுங்கில் ஒரு வரிசைக் கல்லைக் கூட்டி வைத்துவிட்டால் கீழ்க்கண்மாய்க்காரன் அரிவாளோடு வருவான். மூச்சு வாங்க நிற்கிறேன் என்று நினைத்த வழிகாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கலுங்குக்கு என்ன வார்த்தை என்று யோசித்து, இல்லை என்று தெரிந்து, பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் எல்லாம் அதே கண்ணோடுதான். கட்சரில் ஆகஸ்டிலும் பனிக்கட்டி மிதந்தது, கரையெல்லாம் பூ. சத்சர் என்றால் ஏழு ஏரி, ஆனால் நான் எண்ணியது நாலு. மிச்சம் காய்ந்து சேறாகக் கிடந்தன. ஏழு என்று பெயர் எழுதி நாலில் தண்ணீர் கிடப்பதும் எனக்குப் பழக்கமான கணக்குதான். கடைசியாக ஹர்முக் மலையடியில் கங்கபல். இரண்டரை கிலோமீட்டர் நீளம். அது வழிந்து பக்கத்து நுந்த்கோல் ஏரிக்குள் போகிறது, நுந்த்கோல் வழிந்து வாங்கத் ஓடையாகி, சிந்த் ஆற்றில் விழுந்து ஜீலத்தில் சேர்கிறது. வடக்கே போன கிஷன்கங்கையும் முசாபராபாத்தைச் சுற்றி வந்து அதே ஜீலத்தில்தான். 1856-ல் மாண்ட்கோமரி என்கிற சர்வேக்காரர் இந்த ஹர்முக் மேலிருந்துதான் தூரத்துச் சிகரங்களை அளந்து கே1, கே2 என்று குறித்தார். கே2 இன்றைக்கும் அந்தப் பெயரோடே நிற்கிறது. எனக்கு அன்றைக்கு கே2 பெரிதாகப் படவில்லை. நுந்த்கோல் வாய்க்காலில் ட்ரவுட் மீன் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாரநாகுக்கு இறங்கினது முழங்காலுக்கு மட்டும் தெரியும். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே நாளில் செங்குத்து இறக்கம். கீழே வந்து லலிதாதித்தன் என்கிற காஷ்மீர் ராஜா காலத்துக் கோயில் இடிபாட்டுப் படியில் உட்கார்ந்துதான் ஷூவைக் கழற்றினேன். கோணி ஊசித் தையல் ஒன்றுகூட விடவில்லை.

காரில் ஸ்ரீநகர் வரும் வழியில் சிக்னல் கிடைத்ததும் அப்பாவுக்குப் போட்டேன்.

"பாத்துட்டேன்பா."

"தண்ணி கெடக்கா?"

"நெறஞ்சு மறுகால் போகுதுப்பா. ஒண்ணு நெறஞ்சு இன்னொண்ணுக்குப் போகுது."

"கலுங்கு எந்தப் பக்கம்?"

"விஷன்சர்த் தண்ணி வடக்க போகுது. கங்கபல்லு தெக்க."

"மடை?"

"மடை இல்லப்பா. வயலே இல்ல."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப யாருத்தா பாத்துக்கிறா?"

"யாரும் இல்லப்பா. அதுபாட்டுக்குக் கெடக்கு."

"மீனு?"

"கெடக்கு. வெள்ளக்காரன் கொண்டாந்து விட்ட மீனாம்."

"மீன்பாசி ஏலம் யாரு எடுத்துருக்கா?"

எங்கள் ஊரில் மாசி, பங்குனியில் ஊரே கச்சாவும் ஊத்தாவும் எடுத்துக்கொண்டு இறங்கி மீன் பிடித்தது போய், ஏலம் எடுத்தவர் மட்டும் வலை போடுகிற நிலை வந்ததில் அவருக்கு இன்னும் ஆறாத கோபம் உண்டு.

"ஏலமெல்லாம் இல்லப்பா. தூண்டி போடணும்னா கவர்மெண்ட்ல ஒரு பெர்மிட் வாங்கணும், அவ்வளவுதான்."

"ம். இங்கயும் அப்பிடித்தான்த்தா ஆரம்பிச்சாய்ங்க" என்றார்.