காங்கேசன்துறைக் கல்லும் ஒரு வாக்கெடுப்பும்

2024 மார்ச்சில் புவிச்சரிதவியலாளர்களின் உபகுழு ஒன்று ஆந்த்ரோபோசீன் என்ற புதிய புவிக்காலத்தை 12க்கு 4 என்ற வாக்குகளால் நிராகரித்தது. மனிதர் பூமியை மாற்றிய காலத்தை அந்தப் பெயரில் தனியாகப் பிரிக்க வேண்டுமென்று விஞ்ஞானிகள் பவுல் குருட்சனும் யூஜின் ஸ்டோர்மரும் 2000ஆம் ஆண்டில் எழுதியதிலிருந்து நடந்துவந்த விவாதம் அது. கனடாவின் குரோபோர்ட் ஏரிச் சேற்றில் அணுகுண்டுச் சோதனைகளால் படிந்த புளூட்டோனியத்தை வைத்து 1952இல் எல்லை வகுக்கலாம் என்பது முன்மொழிவு. உழவு தொடங்கிய நாளிலிருந்தே மனிதர் நிலத்தை மாற்றுகிறார்களே, 1952 மிகவும் பிந்தியது என்றார்கள் எதிர்த்தவர்கள். நியாயமான வாதம். ஆனாலும் நான் ஆதரித்து வாக்களித்த அந்த நால்வரின் பக்கம்.

காரணம் எங்கள் காலடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணறு வெட்டினால் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வரும். மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துக் கடலுயிர்களின் ஓடுகள் இறுகி உண்டான கல். ஒரு துண்டில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைக்கும். கோடி ஆண்டுக்கும் மேலாகக் கல்லுக்குள் அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு அது. சீமெந்துச் சூளையில் வெப்பம் அதே வாயுவைத்தான் வெளியேற்றுகிறது. உலகின் காபனீரொட்சைட்டு உமிழ்வில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்தால் வருவது. வலிகாமத்தின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இலிருந்து 1990 வரை இந்தக் கல்லைத்தான் அரைத்தது. அகழ்ந்த பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. மிச்சக் கல்லின் வெடிப்புகளில் எங்கள் குடிநீர் நிற்கிறது. தோட்டங்களுக்குப் போட்ட யூரியா நைத்திரேற்றாகி அதற்குள்ளும் இறங்கிவிட்டது.

அண்மையில் குடிநீர்க் குழாய் பதிக்க எங்கள் ஒழுங்கையை வெட்டினார்கள். அடியில் வெள்ளைக் கல். அதன்மேல் செம்மண். செம்மண்ணுக்கு மேலே, ஒரு முழத் தடிப்பில், போரில் இடிந்த வீடுகளைக் கொட்டி மிதித்த அடுக்கு: கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கொங்கிறீற், ஓட்டுத் துண்டு, பச்சை பிடித்த சன்னக்கோது, சொப்பிங் பை. அதற்கும் மேலே தார். கடலடியில் பிறந்த கல், சீமெந்தாகி, வீடாகி, இடிபாடாகித் திரும்பவும் மண்ணில் அடுக்காகக் கிடக்கிறது. இயற்கை இப்படியொரு அடுக்கை ஒருபோதும் இட்டதில்லை.

மூடுவதற்குள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அளந்து வரையச் சொன்னேன். செம்மண் எங்கே முடிகிறது, இடிபாடு எங்கே தொடங்குகிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. அந்த எல்லைக்கு எந்த ஆண்டைப் போடுவது என்பதில்தான் தகராறு. ஒருத்தி 1987 என்றாள். மற்றவன் 1995 என்றான். இரண்டும் இங்கே பெருஞ்சண்டை நடந்த ஆண்டுகள். இரண்டையும் எழுதி, கேள்விக்குறி போடச் சொன்னேன்.