தூக்கம் வருதான்னு கேக்கலையே

அவர் சொன்னதை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. அன்றைய நிலையில் அதுதான் சரி என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளை, அதாவது டார்ம்களை, யாரும் வெளியே வராதபடி மூடியதும், எங்கள் கம்பெனியின் தமிழ் ஆட்களுக்குப் போன் போடுவது என் வேலையானது. தினம் இரண்டு வேளை உடல் சூட்டை ஆப்பில் பதிய வேண்டும். அவர்களில் இவர் ஒருவர், ஒருவேளைகூட விட்டதில்லை. ஆனால் காலையும் மாலையும் அதே 36.5.

"தம்பி, நிஜமாவே பாத்துத்தான் போடுறீங்களா?"

"காய்ச்சல் இருக்கான்னு தினம் கேக்குறீங்கண்ணே. தூக்கம் வருதான்னு ஒருத்தரும் கேக்கலையே."

கீழ்க்கட்டில்காரருக்கு பாசிட்டிவ் என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப் போய்விட்டார்களாம். மேலே படுத்துக்கொண்டு அந்த வெறும் பலகையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிறாதீங்க. ஊருக்கு அனுப்பிட்டா ஏஜெண்டு கடனை யாரு கட்டுறது?" என்றார்.

அது வீண் பயமல்ல. வேலை பெர்மிட்டை ரத்து செய்வது முதலாளி கையில் இருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. தமிழில் பேசும் உதவி எண் ஒன்றைக் கொடுத்தேன். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் அவர் எங்கே போய் நின்று அதில் பேசுவார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன செய்திருப்பேன்?

சாப்பாடு வந்தது, டாக்டர் வந்தார், உயிர்ச்சேதம் மிகக் குறைவு. யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. டார்மில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனது என்று அந்த டிசம்பரில் அரசே கணக்குச் சொன்னது. அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருந்தது. இவர் சொன்னதைப் போட ஆப்பில் ஒரு கட்டம்கூட இல்லை. நான் எழுதியிருந்தால்? கவுன்சலரிடம் போயிருக்கலாம். விமானத்திலும் ஏற்றியிருக்கலாம்.

"வேலை ஆரம்பிச்சா சரியாயிரும் தம்பி" என்று சொல்லித்தான் போனை வைத்தேன். நம்பித்தான் சொன்னேன். வேலையும் ஆரம்பித்தது. டார்மிலிருந்து லாரியில் சைட்டுக்கு, சைட்டிலிருந்து லாரியில் டார்முக்கு. நம்மூர்க் கடைகள் இருக்கும் லிட்டில் இந்தியா பகுதிக்குப் போய்வர சோதனை முயற்சியாக வாரம் 500 பேர் வரை விட்டதே 2021 செப்டம்பரில்தான். அதற்குள் ஊரே கடைக்கும் கோயிலுக்கும் போக ஆரம்பித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சைட்டில் பார்த்தால் "நல்லாருக்கீங்களாண்ணே" என்பார். தூக்கம் வருகிறதா என்று கேட்க வாயெடுப்பேன். பக்கத்தில் எப்போதும் சூப்பர்வைசர் நிற்பார்.