யெஸ்டர்டே ஐ கோ

படிவம் மூன்றில் (ஒன்பதாம் வகுப்பில்) படிக்கும் மகள் நேற்றிரவு ஆங்கிலக் கட்டுரையை நீட்டினாள். முதல் வரியே ‘யெஸ்டர்டே ஐ கோ டு பினாங்கு ஹில்’. பள்ளியில் நாள் முழுவதும் மலாய். அதில் ‘போ’ என்பதற்கு நேற்றும் ‘பெர்கி’, நாளையும் ‘பெர்கி’. வினைச்சொல் அசைந்தே கொடுக்காது.

“தமிழில் ‘நேற்றுப் போகிறேன்’ என்பாயாம்மா?” என்றேன். சிரித்துக்கொண்டே ‘வென்ட்’ என்று திருத்தினாள். “அப்பா, ‘தி’ (the) எங்கே வரும்?” என்றபோதுதான் மாட்டிக்கொண்டேன். தமிழிலும் அது இல்லை, மலாயிலும் இல்லை. இந்த வயதில் எனக்கு இலக்கணச் சோதனை!

படிவம் ஐந்தில் எழுதும் மலேசிய அரசுத் தேர்வான எஸ்பிஎம்மின் ஆங்கில முதல் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் 40 கேள்விகள். வாசித்துப் பழகாமல் நடக்காது. எனவே தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தி, வாய்விட்டு. இன்று ‘தி’யை மட்டும் பென்சிலால் வட்டமிட்டாள். அவள் கணக்கில் 17. நான் எண்ணியபோது 15தான் வந்தது.