கிணற்றடிக் குகையும் ஒரு தவறான பொருத்தமும்

கார்பனேட் பாறைகளில் உள்ள எண்ணெய்த் தேக்கங்களின் அழுத்தப் பதிவுகளைப் படித்துக் கணித மாதிரி அமைக்கும் பணிக்கு வந்த புதிதில், டார்சி 1856-இல் வெளியிட்ட விதியே பாறைக்குள் நடப்பதையெல்லாம் விளக்கிவிடும் என்று நம்பியிருந்தேன். நுண்துளைகளின் ஊடே திரவம் மெல்லக் கசியும் வரை அது சரிதான். ஆனால் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகைகளாக்கிய இடங்களில் திரவம் கசிவதில்லை, ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் வேண்டும். பாறையும் குகையும் சந்திக்கும் எல்லையில் இரு விதிகளையும் இணைக்க பீவர்ஸும் ஜோசப்பும் 1967-இல் தந்த வழுக்கு நிபந்தனை உதவுகிறது. எனினும் குகைக்குள் அழுத்தம் ஏறக்குறைய எங்கும் ஒன்றாகவே இருப்பதால், கிணற்று அழுத்தத்தைக் கணக்கிட அதை ஒரு தொட்டியாகக் கொண்டாலே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

ஒருமுறை, மூடி வைத்த ஒரு கிணற்றில் பதிவான அழுத்த ஏற்றம் என்னிடம் வந்தது. மடக்கை வரைபடத்தில் அழுத்தமும் அதன் வகைக்கெழுவும் ஒன்று என்ற சாய்வில் நெடுநேரம் சேர்ந்தே சென்றன. பின்னர் வகைக்கெழு பள்ளமாக இறங்கி மீண்டும் ஏறியது. பாறையின் நுண்துளைகளில் உள்ள எண்ணெய் வெடிப்புகளின் வழியே கிணற்றுக்கு வருவதாகக் கொண்டு வாரனும் ரூட்டும் 1963-இல் முன்வைத்த இரட்டை நுண்துளை மாதிரியின் அடையாளம் அந்தப் பள்ளம் என்று முடிவு செய்தேன். தொடக்கத்தில் உள்ள அந்த ஒன்று என்ற சாய்வை நிர்ணயிப்பது கிணற்றுத் தேக்கக் கெழு, அதாவது அழுத்தம் ஓர் அலகு மாறும்போது கிணறு ஏற்கும் திரவத்தின் அளவு; அதன் மதிப்பை மென்பொருளின் தேர்வுக்கே விட்டேன். கோடு புள்ளிகளின் மீது அழகாகப் படிந்தது.

அறிக்கையைப் பார்த்த மூத்த பொறியாளர், “துளையிடும்போது என்ன நடந்தது என்று பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். அன்றாடப் பதிவேட்டில், துளைமுனை திடீரெனக் கீழே விழுந்ததும், செலுத்திய சேறு மேலே திரும்பாமல் போனதும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. துளை ஒரு குகைக்குள் இறங்கியதன் அடையாளங்கள் இவை. நான் அதைத் திறக்கவே இல்லை.

தேக்கக் கெழு என்பது கொள்ளளவையும் அமுங்குதன்மையையும் பெருக்கி வருவது. 15 செ.மீ. விட்டமும் 6,000 மீட்டர் ஆழமும் உள்ள கிணறு சுமார் 106 கன மீட்டர்தான் கொள்ளும். பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள கனசதுரக் குகையோ 1,000 கன மீட்டர் கொள்ளும். மென்பொருள் தந்த மதிப்பைக் கிணற்றின் கொள்ளளவோடு ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே ஐயம் எழுந்திருக்கும். கிணறு ஒரு குகையைத் துளைத்திருக்கிறது, வெடிப்பு ஒன்றின் வழியே இன்னொரு குகை அதற்கு எண்ணெய் ஊட்டுகிறது என்று மாதிரியை மாற்றியபோதும் அதே வளைவு பொருந்தியது. ஆனால் பொருள் அடியோடு மாறிவிட்டது: முதல் மாதிரியில் பாறை முழுதும் பரவியிருந்த எண்ணெய், இரண்டாவதில் இரண்டு குகைகளுக்குள் அடங்கியது, அவை வற்றினால் ஈடுசெய்யப் பாறையில் அதிகம் இல்லை.

இரண்டையும் அறிக்கையில் வைத்தேன். அளந்த அளவு எண்ணெயை எடுத்தபின் கிணற்றை மறுபடி மூடி, சராசரி அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், குகைகளுக்குப் பின்னால் வேறு எண்ணெய் உண்டா என்பது தெரியவரும்; அந்தச் சோதனை முடியும்வரை அடுத்த கிணற்றின் இடத்தை முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதினேன்.