300பி-யா, இஎல்34-ஆ? அதற்கு முன்னால் ஸ்பீக்கர்

இதமான ஒலிக்காக ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) தேடுகிறவர்கள் 300பி, இஎல்34 போன்ற பவர் ட்யூப்களில் எது நல்லது என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதிலிருந்து ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

300பி சிங்கிள் எண்டட் (முழு அலையையும் ஒரே ட்யூப் கையாளும்) ஆம்ப் தருவது சுமார் 8 வாட். பவர் இரு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். 1 வாட்டிலிருந்து 8 வாட் வரை ஏறினால் 9. உங்கள் ஸ்பீக்கர் 86 டெசிபல் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 95-ஓடு மூச்சு முட்டிவிடும். அதற்கு இஎல்34 புஷ் புல்தான் (ஜோடி ட்யூப்கள் எதிரெதிராக இயங்கும் வகை) சரி. 35 வாட்டாவது கிடைக்கும். 300பி-யை 95 டெசிபலுக்கு மேல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு செகண்ட் ஹார்மானிக் (மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஆம்ப் சேர்க்கும் ஒலி). சிங்கிள் எண்டடில் அது தூக்கலாக இருக்கும். புஷ் புல்லின் அவுட்புட் ஸ்டேஜில் பெருமளவு அடிபட்டுப் போகும். இன்னொரு பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் உள்தடை. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பித் திருத்துவது) இல்லாத ஆம்பில் அது 3 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கர் இம்பீடன்ஸ் பேஸ் ரெசொனன்ஸில் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் தாழ் அதிர்வெண்ணில்) 8-லிருந்து 30 ஓமுக்கு எகிறினால், அந்த இடத்தில் ஒலி சுமார் 2 டெசிபல் கூடும். ‘ட்யூப்பின் இதம்’ என்று சிலாகிக்கப்படுவது பல நேரம் இந்த 2 டெசிபல்தான். மிஞ்சினால் பேஸ் கொழகொழத்துவிடும். அப்போது ஆம்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயரை ஆம்பின் 8 ஓம் டேப்பிலிருந்து (இணைப்பு முனை) 4 ஓமுக்கு மாற்றிக் கேளுங்கள். கொஞ்சம் பவர் குறையும், பேஸ் இறுகும். செலவே இல்லை. ஸ்பீக்கர் மாட்டாமல் மட்டும் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பிரீஆம்பில் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் ஆம்ப்) கெயினுக்கு, அதாவது பெருக்கத்துக்கு, ஆசைப்பட வேண்டாம். சிடி பிளேயர், டாக் (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் கருவி) எல்லாம் 2 வோல்ட் தருகின்றன. பல பவர் ஆம்புகளுக்கு 1 வோல்ட்டே போதும். 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய ட்யூப்பின் பெருக்கம் 100. அதை லைன் ஸ்டேஜில் (பிரீஆம்பின் பெருக்கும் பகுதி) போட்டால் இரைச்சல் ஏறும், வால்யூம் குமிழ் அடிமட்டத்தைத் தாண்டாது. அந்த இடத்தில்தான் இடது வலது சேனல்கள் சமமாக இருப்பதில்லை. பெருக்கம் சுமார் 20 உள்ள 6எஸ்என்7, 12ஏயூ7 போன்றவை இங்கே பொருத்தம். அதற்காக 12ஏஎக்ஸ்7-ஐப் பிடுங்கி 12ஏயூ7-ஐச் செருகாதீர்கள். பின்கள் ஒத்துப்போகும், சர்க்யூட் ஒத்துப்போகாது.

டிரான்சிஸ்டர் பவர் ஆம்போடு சேர்ப்பதானால் பிரீஆம்பின் அவுட்புட் கெப்பாசிட்டரைக் கவனியுங்கள். 0.47 மைக்ரோஃபாரட் என்றால், 100 கிலோஓம் இன்புட்டுக்கு 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 10 கிலோஓமுக்கு 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் சரிந்திருக்கும். ஒலி மெலிந்துவிட்டதே என்று ட்யூப்பைத் திட்டுவார்கள். பாவம், அது என்ன செய்யும்.

ஃபிக்ஸட் பயஸ் இஎல்34 என்றால் பயஸ் (பாட்டு ஓடாதபோது ட்யூப்பில் ஓடும் கரண்டின் அளவை நிர்ணயிப்பது) பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) தாங்குவது 25 வாட். 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டில் நிறுத்துவது வழக்கம். பிளேட்டில் 430 வோல்ட் என்றால் சுமார் 40 மில்லிஆம்பியர். கேத்தோடில் (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மீட்டரில் சுமார் 40 மில்லிவோல்ட் தெரியும். அரை மணி நேரம் சூடேறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். பிளேட் செக்கச்செவேலென்று சிவந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள்.