வங்கியின் பட்டியலில் இல்லாத சொலிசிற்றர்: லண்டனில் வீடு வாங்கிய அனுபவம்

இங்கிலாந்தில் கடன் எடுத்து வீடு வாங்கும் ஒருவர் தமக்கு விருப்பமான சொலிசிற்றரை, அதாவது வீடு வாங்கும் சட்ட அலுவல்களைப் பார்க்கும் சட்டத்தரணியை, அமர்த்திக்கொள்ளலாம். சட்டப்படி அதற்குத் தடையில்லை. ஆனால் கடன் தரும் வங்கி அந்தச் சொலிசிற்றரைத் தன் அங்கீகாரப் பட்டியலில், அதாவது இங்கே எல்லோரும் பனல் என்று சொல்லும் பட்டியலில், வைத்திருக்காவிட்டால் அந்த உரிமையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. 2024 இலையுதிர் காலத்தில் குறொய்டனில் ஒரு வீட்டுக்கு விலை பேசி, 2025 மார்ச்சில் திறப்பைக் கையில் வாங்கிய எனக்கும் என் மனைவிக்கும் இது பாதி வேலை முடிந்த பிறகே தெரியவந்தது. அதே நிலைக்கு வரக்கூடியவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் அமர்த்தியவர் தென் லண்டனில் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்ச் சொலிசிற்றர். என் அண்ணாவின் வீட்டு அலுவல்களை முடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அலுவலகத்துக்கு உரிமையாளர் அவர் ஒருவரே. உதவிக்கு இன்னொரு சட்டத்தரணி இருக்கிறார். நாங்கள் முதலில் விண்ணப்பித்த வங்கியின் பட்டியலில் அவர் இருந்தார். அதை, எங்களுக்குக் கடன் ஒழுங்கு செய்த புறோக்கர் தொடக்கத்திலேயே உறுதிப்படுத்தியிருந்தார். ஆகவே வீட்டைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் தேடல்களுக்கு, அதாவது உள்ளூராட்சிச் சபைத் தேடல், நீர் மற்றும் வடிகால் தேடல், சுற்றுச்சூழல் தேடல் ஆகியவற்றுக்குப் பணம் கட்டினோம். விற்பவரின் சொலிசிற்றருக்குக் கேள்விகளும் அனுப்பப்பட்டன.

சிக்கல் மதிப்பீட்டில் தொடங்கியது. பேசிய விலை 410,000 பவுண். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் 390,000 என்று எழுதினார். விற்பவர் விலையைக் குறைக்க மறுத்தார், இடையில் விழும் 20,000 பவுணைப் போட எங்களுக்கும் வழியில்லை. எனவே புறோக்கர் விண்ணப்பத்தை வேறொரு வங்கிக்கு மாற்றினார். அங்கே மதிப்பீடு சரியாக வந்தது, வட்டியும் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் சொலிசிற்றரின் விவரத்தைக் கொடுக்க வேண்டிய இடத்தில் எங்கள் சொலிசிற்றரின் அலுவலகத்தைத் தேடியபோது அந்தப் பெயர் வரவேயில்லை. புறோக்கர் சொன்னதைக் கேட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: “தம்பி, என்னில பிழை கண்டு அவை நிப்பாட்டேல்லை. ஆகக் குறைஞ்சது ரெண்டு பங்காளி இருக்க வேணும் எண்டது அவையின்ர விதி. நான் தனி ஆள்.”

வங்கிகள் ஏன் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன என்பதை அப்போதுதான் ஆறுதலாக இருந்து விளங்கிக்கொண்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழமையான வீட்டுக் கொள்வனவில் வாங்குபவரின் சொலிசிற்றரே வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறார். உரித்து சரியாக இருக்கிறது என்று அவர் வங்கிக்குச் சான்றிதழ் கொடுக்கிறார். அதை நம்பி வங்கி முழுக் கடன் தொகையையும் அவருடைய வாடிக்கையாளர் கணக்குக்கு, அதாவது வாடிக்கையாளர்களின் பணத்தை அவர் வைத்திருக்கும் தனிக் கணக்குக்கு, அனுப்புகிறது. வீடு கைமாறிய பின்னர் அவர்தான் வங்கியின் ஈட்டைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்கிறார். பணம் போவதற்கும் ஈடு பதிவாவதற்கும் இடைப்பட்ட காலத்தில் வங்கிக்கு அந்த ஒருவரின் நேர்மையையும் கவனத்தையும் தவிர வேறு பிடிமானம் இல்லை.

அதுமட்டுமல்ல, வங்கிகளின் அமைப்பான யூகே ஃபினான்ஸின் கடன் வழங்குநர் கைநூலின்படி, கடன் போக மிகுதிப் பணத்தை வாங்குபவர் தம் சொந்த மூலத்திலிருந்து போடவில்லை என்று தெரிந்தால் சொலிசிற்றர் அதை வங்கிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க வாங்குபவர் சம்மதிக்காவிட்டால் வங்கிக்காக வேலை செய்வதை நிறுத்த வேண்டும். 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த வீட்டுக் கடன் கொடுக்கும் பிரிஸ்டல் அண்ட் வெஸ்ட் கட்டடச் சங்கத்தின் வழக்கு இதைப் பற்றியதே. 73,000 பவுண் வீட்டுக்கு 59,000 பவுண் கடன் கொடுக்கப்பட்டது. வாங்கியவர்களின் 3,350 பவுண் பழைய கடனுக்கு அதே வீட்டின் மேல் இரண்டாவது ஈடு வைக்கப்பட இருந்ததை சொலிசிற்றர் அறிவிக்கத் தவறினார். அது நம்பிக்கைத் துரோகம் அல்ல, கவனயீனமே என்று நீதிமன்றம் சொன்னது. எனினும், இவ்வளவு சிறிய ஒரு தொகைக்காக எவ்வளவு பெரிய வழக்கு நடந்தது என்பதைப் பார்த்தால் வங்கிகளின் எச்சரிக்கை எனக்கு நியாயமாகவே படுகிறது.

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்துக்கு மாறலாம். எங்கள் சொலிசிற்றர் எங்களுக்கும் வங்கியின் சொலிசிற்றர் வங்கிக்கும் தனித்தனியே வேலை செய்ய, இருவரின் கட்டணத்தையும் நாங்களே கட்டலாம். அல்லது மூன்றாவது வங்கியைத் தேடலாம். இரண்டாவது வழியைத்தான் நாங்கள் விரும்பினோம். ஆனால் எல்லா வங்கிகளும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எங்கள் வங்கியும் கொடுக்கவில்லை. மூன்றாவது வழிக்கு நேரமில்லை. நாங்கள் இருவரும் முதன்முறை வீடு வாங்குபவர்கள். 2025 மார்ச் 31 வரை 425,000 பவுண் வரையான வீட்டுக்கு எங்களைப் போன்றவர்கள் முத்திரை வரி கட்டத் தேவையிருக்கவில்லை. ஏப்ரல் 1 முதல் அந்த எல்லை 300,000 பவுணாக இறங்கியது. அதன் பின் முடித்திருந்தால் மிகுதி 110,000 பவுணுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம், அதாவது 5,500 பவுண் வரி கட்டியிருக்க வேண்டும். வேறு வழியின்றி, பட்டியலில் இருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாறினோம்.

சொலிசிற்றரை மாற்றுவது கோப்பைக் கைமாற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. பழையவர் அதுவரை செய்த வேலைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தேடல் முடிவுகளையும் கடிதங்களையும் ஒழுங்காக அனுப்பிவைத்தார். தேடல்கள் எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை என்பதால் புதியவர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அடையாளச் சோதனையும் பணத்தின் மூலம் பற்றிய விசாரணையும் முதலிலிருந்து தொடங்கின. எங்கள் முற்பணத்தில் ஒரு பகுதி சீட்டிலிருந்து வந்தது. இருபது பேர், மாதம் 500 பவுண், கழிவுச் சீட்டு, அதாவது கூடுதலாகக் கழிவு விடுபவர் அந்த மாதத் தொகையை எடுக்கும் ஏலச் சீட்டு. ஒவ்வொரு மாதமும் கழிவு போக மிச்சத்தைத்தான் எல்லோரும் கட்டுவார்கள் என்பதால், கடைசிச் சீட்டை எடுத்த நாங்கள் கட்டியது எட்டாயிரத்துச் சொச்சம், எடுத்தது பத்தாயிரம்.

பழைய சொலிசிற்றருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. கடைசிச் சீட்டா, நடுவில் எடுத்ததா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நடுவில் எடுத்திருந்தால் இனிக் கட்டவேண்டிய தவணைகள் கடனாகிவிடும், அதை வங்கிக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். புதிய நிறுவனத்தில் எங்கள் கோப்பைப் பார்த்தவரோ, கட்டியதைவிட எடுத்தது ஏன் கூடுதலாக இருக்கிறது, அந்த மேலதிகப் பணத்தை யார் தந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் கேட்டது அவருடைய கடமை. அதில் எனக்குக் குறை இல்லை. சீட்டு நடத்திய அக்காவின் கொப்பியில் மாதவாரியாக எழுதப்பட்டிருந்த கழிவுக் கணக்கைப் படம் எடுத்து, எங்கள் வங்கிக் கணக்குத் தாள்களில் ஒவ்வொரு மாதமும் போன தொகையை அதற்கு நேராகக் குறித்து, ஆங்கிலத்தில் ஒரு பக்க விளக்கமும் எழுதிக் கொடுத்த பின்னரே அந்தக் கேள்வி முடிந்தது. சீட்டுப் பணத்தை முற்பணமாகப் போட இருப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருப்பது நல்லது. கையில் காசாகக் கட்டியவர்களுக்கு இது இன்னும் கடினம்.

வீட்டின் பின்புற நீட்டிப்புக்குக் கட்டட விதிமுறைச் சான்றிதழ் இல்லை என்ற விடயமும் மறுபடி எழுந்தது. சான்றிதழ் இல்லாத குறைக்கு ஒரு காப்புறுதி எடுப்பதாகப் பழைய சொலிசிற்றர் பேசி முடித்திருந்தார். சபையை நாங்களாகத் தொடர்புகொண்டு விசாரித்தால் அந்தக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம் என்றும் அவர் எச்சரித்திருந்தார். புதியவர்கள் அதையே மீண்டும் கேட்டு, அதே முடிவுக்கு வந்தார்கள்.

இந்த நடைமுறையால் வாங்குபவரைவிடக் கூடுதலாக அடிபடுவது சிறிய அலுவலகங்கள் என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வங்கிக்கும் காப்புறுதி விவரம், கணக்காய்வு அறிக்கை, ஊழியர் விவரம் என்று தனித்தனியாகக் கொடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்தும் வரவேண்டும் என்று எங்கள் பழைய சொலிசிற்றர் சொன்னார். போதிய எண்ணிக்கையில் கோப்புகள் வராவிட்டால் சில வங்கிகள் பெயரை நீக்கிவிடுகின்றன. பெயர் நீங்கிய பின் கோப்புகள் வருவதற்கு இடமே இல்லை. 2012 ஜனவரியில் எச்எஸ்பிசி வங்கி தன் பட்டியலை 43 நிறுவனங்களாகச் சுருக்கியபோது சொலிசிற்றர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பின்னர் அது சட்டச் சங்கத்தின் வீட்டுக் கொள்வனவுத் தரத்திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்தது. தரத்தை அளந்து சேர்ப்பதே சரியான முறை. பங்காளிகளின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு வரும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒருவருடைய வேலையின் தரத்தைக் காட்டுவதில்லை. எங்கள் சீட்டுக் கணக்கில் எது கடன், எது சேமிப்பு என்று முதற்கேள்வியிலேயே பிரித்தறிந்தவர், வங்கியின் நலனையும் பட்டியலில் உள்ள பலரைவிட நன்றாகவே காத்திருப்பார்.

மார்ச் 28 வெள்ளிக்கிழமை வீடு எங்கள் கைக்கு வந்தது. அதன் பிறகு வீடு தேடும் உறவினர்களுக்கு நான் சொல்வது இதுதான். சொலிசிற்றரை அமர்த்த முன் அவர் எந்தெந்த வங்கிகளின் பட்டியலில் இருக்கிறார் என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். புறோக்கர் சொல்லும் வங்கியோடு நிறுத்தாமல், அது சரிவராவிட்டால் அடுத்துப் போகக்கூடிய இரண்டு வங்கிகளையும் சேர்த்துக் கேளுங்கள். தனித்தனிச் சொலிசிற்றர்களுக்கு அந்த வங்கி இடம் கொடுக்குமா என்பதைப் புறோக்கரிடம் கேட்டு வையுங்கள். வீட்டின் மதிப்பீடு வந்து சேரும்வரை தேடல்களுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். நடுவில் வங்கியை மாற்றுவதானால், விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே சொலிசிற்றருக்குத் தொலைபேசி எடுங்கள்.